மூண்டாந்தரத்தாரின் தொண்டை

உலகத்திலேயே ஒரு துண்டுப் பாண் ரொட்டியை ஏலம் போட்டு விழுங்கிய மனிதர் ஒருவர்தான். அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தது என் தலையெழுத்து.

குருநகரில் மீன் கூறுவது, அதாவது ஏலம் விடுவது, அவர் தொழில். “ஒரு தரம், ரெண்டு தரம், மூண்டாந்தரம்” என்று அவர் முடிக்கிற குரல் சந்தையிலிருந்து எங்கள் படுக்கையறை வரை வரும். ஊருக்கு அவர் மூண்டாந்தரத்தார். மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவில். அதனால் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசையில்தான் இருப்பார்.

ஒரு நாள் அவர் தொண்டை பூட்டிக்கொண்டது. உணவுக்குழாயின் வாசலில் இருக்கும் தசை, திறக்க வேண்டிய நேரத்தில் இறுகிக்கொண்டு நிற்கிறதாம். மனிதர் என்ன செய்வார்? ஒரு வாய் பாணை மென்று மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். “ஒரு தரம்.” கண் பிதுங்கும். “ரெண்டு தரம்.” மூன்றாவது தட்டில் இறங்கினால் உண்டு. இல்லாவிட்டால் இருமலோடு எங்கள் மேசைவிரிப்புக்கே திரும்பி வரும். நாலு வாய்க்கு அரை மணித்தியாலம். என் மனைவி பிள்ளைகளுக்கு அடுப்படியில் வைத்துச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கினாள்.

டொக்டர் கஞ்சி குடிக்கச் சொன்னார்.

“கஞ்சியோ? நான் என்ன வருத்தக்காரனோ?”

“வருத்தக்காரன்தான் அண்ணை, நோயாளிதான்,” என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

ஸ்கானில் பார்த்துக்கொண்டே அந்தத் தசைக்குள் ஊசி போட்டு அதை இளக்கலாம் என்றார் டொக்டர். சில நாளில் பலன் தெரியும், சில மாதம் நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டிவரலாம். கொஞ்ச நாள் குரல் கம்மவும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவ்வளவுதான், மூண்டாந்தரத்தார் எழும்பி நடந்துவிட்டார்.

“சோறில்லாமல் மீன் கூறலாம் தம்பி. குரலில்லாமல் என்னத்தைக் கூறுறது?”

மூன்று முறை திகதி எடுத்தேன். மூன்று முறையும் ஆள் ஒளித்தார். நான் போட்ட லீவெல்லாம் வீண். இதற்கிடையில் மனிதர் மெலிந்து, சாரத்தை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிக் கட்டினார். கடைசியில் வெறும் தண்ணீரே புரையேறி மூச்சுத் திணறியது. அன்றுதான் பயந்தார். நானும் பயந்தேன். பயம் ஆறுமுன் ஓட்டோவில் ஏற்றிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த உடனேயே ஸ்கான் திரையைக் கண்டுவிட்டார்.

“உது எங்கடை படகிலை மீன் பாக்கிற மெசினெல்லோ. கீழை பாறையொண்டு தெரியுது டொக்டர், கவனம்.”

“ஐயா, கதைக்காதேங்கோ. அசையக்கூடாது.”

டொக்டர் தாதியிடம் மருந்தின் அளவைச் சொன்னார். “இருபது.”

தாதி சரிபார்த்து, “இருபது,” என்றார்.

“இருபத்தைஞ்சு,” என்றது கட்டில்.

ஊசி இன்னும் தோலைத் தொடவில்லை, மாதா காப்பாற்றினார். டொக்டர் கையை எடுத்துவிட்டார். எனக்குச் சுவரில் முட்டலாம் போலிருந்தது.

“அண்ணை, அது மருந்து.”

“ரெண்டு பேர் ஒரே விலையிலை நிண்டால் நான் எப்பிடிச் சும்மா கிடக்கிறது?”

டொக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கட்டிலைத் தட்டி, “இருபது. ஒரு தரம், ரெண்டு தரம், மூண்டாந்தரம்,” என்றார்.

மூண்டாந்தரம் விழுந்த பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது சந்தைச் சட்டம். அதை வாழ்நாள் முழுக்கக் காத்தவர் அவர். கல்லாய்க் கிடந்தார். ஊசி இறங்கியது.

குரல் கம்மித்தான் போனது. அந்தக் கம்மிய குரலில் நாலு நாள் என்னைத் திட்டினார். ஐந்தாம் நாள் எங்கள் மேசையில் பாணை மென்று ஒரு தட்டுத் தட்டினார். “ஒரு தரம்.” அடுத்த தட்டுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

“தம்பி,” என்றார் மெதுவாக. “ரெண்டாந்தரம் கேக்க முந்தி இறங்கீட்டுது.”

பிறகு எண்ணாமலே சாப்பிட்டார். பிள்ளைகளின் பங்கையும் சாப்பிட்டார். என் மனைவி இன்னும் இரண்டு துண்டு வைத்தாள்.

டொக்டர் திகதி குறித்த அடுத்த ஊசிக்குத் துணைக்கு வேறு ஆளைப் பார்க்கும்படி அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் அலுவலகத்தில் அந்தத் திகதிக்கு லீவுப் படிவம் நிரப்பினேன். நோயாளி உமக்கு என்ன முறை என்று ஒரு கேள்வி இருந்தது. அண்ணை என்று எழுதினேன்.