சேவல் கொடுத்த கிணறுகள்

அந்த வருஷம் திருவண்ணாமலைக்கு வாந்திபேதி வந்தது. பின்னாலேயே விபூதிச் சாமியும் வந்தார். மலைக் குகையில் பன்னிரண்டு வருஷம் தவமாம். தொந்தியைப் பார்த்தால் ஒரு வேளை பட்டினி கிடந்தவராகக்கூடத் தெரியவில்லை! அவருடைய விபூதியைக் கிணற்றில் போட்டால் பேதி அண்டாது. காணிக்கை, தெருவுக்கு ஒரு சேவல். மூக்கைத் துளைக்கும் விபூதி நெடிதான் தெய்வீக வாசனையாம். ஆனால் நெற்றியில் மட்டும் பூசக் கூடாது என்பது சாமியின் உத்தரவு. ஏன் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. செங்கம் ரோட்டில் பஸ் போக வழியில்லாத கூட்டம்.

வேடிக்கை என்னவென்றால், பலித்தது. சேவல் கொடுத்த தெருக்களில் பேதி நின்றே போனது.

பாஞ்சாலையின் தெருவில் எல்லாரும் கல்லுடைக்கிறவர்கள். சேவலுக்கு எங்கே போவார்கள்? அவள் மகள் பொன்னி விடிந்ததிலிருந்து வாந்தியும் பேதியுமாகத் துவண்டு கிடந்தாள். தண்ணீர் கொடுத்தால் பேதி ஜாஸ்தியாகும் என்று சாமி சொல்லியிருந்ததால் ஒரு வாய் தண்ணீரும் கொடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிவந்து சாமி காலில் விழுந்தாள்.

"சேவல் இல்லாம ஆத்தா எறங்க மாட்டா" என்று சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

கிணறுகளுக்கு என்று வந்த மருந்து மூட்டைகள் எங்கே போயின என்று ஊரெல்லாம் விசாரித்தபடி அங்கே வந்து சேர்ந்தாள் நர்ஸ் கஸ்தூரி. முதல் வேலையாகக் காய்ச்சிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து பொன்னிக்கு மடக்கு மடக்காகப் புகட்டினாள். பிறகு விபூதித் தட்டை முகர்ந்தாள். ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் குழைத்துச் சாமியின் காவித் துண்டில் ஊற்றினாள்.

"சாமிக்கும் பேதி வராம இருக்கட்டுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. காவி மங்கியது, வெளுத்தது, திட்டுத் திட்டாக வெள்ளையானது.

"இது கெணத்துல போட கவர்மெண்ட் குடுத்த பிளீச்சிங் பவுடருங்க. எல்லா கெணத்துக்கும் சும்மாவே போட வேண்டியது."

சாமி எழுந்து ஓடினார். அவர் உட்கார்ந்திருந்த புலித்தோலுக்கு அடியில், காணாமல் போன மூட்டைகள்! பாஞ்சாலை மண்ணை வாரித் தூற்றினாள். அவ்வளவையும் அடியில் வைத்துக்கொண்டா என் பிள்ளைக்கு இல்லை என்றான் பாவி?

பக்கத்துத் தெருவுக்காகச் சேவல் கொடுத்த கண்ணாயிரம் மட்டும் நிம்மதியாக இருந்தார். "எங்க கெணத்துல போட்டாச்சு. எங்களுக்கு இனிமே என்னா?"

"இவங்க தெருத் தண்ணி மழை பேஞ்சா உங்க கெணத்துக்குத்தான் எறங்குது" என்றாள் கஸ்தூரி. "பேதி சேவல் கேக்காதுங்க."

முதல் மூட்டை பாஞ்சாலை தெருவுக்குப் போனது. தூக்கிப்போனவர் கண்ணாயிரம்தான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பொன்னி பொரி கேட்டாள்.

சேவல் திரும்பக் கிடைக்குமா என்று கண்ணாயிரம் இன்னும் விசாரிக்கிறார். அதைச் சாமி எப்போதோ தின்றாயிற்று ஐயா! மூளையையாவது அடுத்த சாமிக்குக் காணிக்கை வைக்காமல் வீட்டில் வைத்திருங்கள்.