கிரிவலப் பாதையில் ஒரு செருப்புக் கடை

பௌர்ணமி அன்னைக்கு, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில, செருப்புக் கடை போட்ட அறிவாளி நான்தான். வெளியூர்க்காரன்னா மன்னிச்சுடலாம். நான் பொறந்து வளர்ந்ததே இந்த ஊருதான். மலைய எத்தனையோ தடவை சுத்தியிருக்கேன். வெறுங்கால்லதான்.

டவுன்ல எனக்கு ஒரு செருப்புக் கடை இருக்கு. நடக்க சிரமப்படற குழந்தைங்களுக்காக செல்வி மேடம் ஒரு காப்பகம் நடத்தறாங்க. அங்க பன்னெண்டு குழந்தைங்களுக்கு, கால் அளவெடுத்துச் செய்யற ஸ்பெஷல் ஷூ தேவைப்பட்டுச்சு. எனக்கு சரக்கு அனுப்பற கம்பெனி மேனேஜர்கிட்ட பேசினேன்.

"பௌர்ணமி அன்னைக்கு ஒரே நாள்ல நூறு ஜோடி வித்துக் காட்டுங்க. பன்னெண்டு பேருக்கும் ஷூ எங்க செலவு. எங்களுக்கு விளம்பரம், அவங்களுக்கு உதவி"ன்னார்.

"லட்சக்கணக்கில கால் வரும் சார், நூறு ஜோடியெல்லாம் ஒரு மேட்டரா?"ன்னேன். (காலத்தான் எண்ணினேன். அந்தக் கால்ல என்ன இருக்கும்னு யோசிக்கல.)

அடி அண்ணாமலை பக்கம் பந்தல் போட்டேன். பெரிய பேனர். அதுல கைகூப்பிக்கிட்டு நான். என் முழங்கால்கிட்ட பொடி எழுத்துல காப்பகத்தோட பேரு. மேல, 'எங்கள் செருப்பில் நடங்கள், ஒரு குழந்தை நடக்கும்!' (எல்லாம் சொந்த மூளைதான்.)

காலைல இருந்து ஜனம் போய்க்கிட்டே இருக்கு. யார் கால்லயும் செருப்பு இல்ல. யாரும் நிக்கல. பத்து மணிக்குத்தான் எனக்கு விஷயமே உறைச்சுது. ஒரு பெரியவர் நின்னார். ஆசையா எழுந்தேன்.

"ஏம்பா, சுத்தி முடிக்கிற வரைக்கும் செருப்பு போடக்கூடாதுனு வந்திருக்கோம். வழியில கடைய விரிச்சு ஆசை காட்டறியே, உனக்கே நல்லா இருக்கா?"

மத்தியானம் வரைக்கும் ஒரு ஜோடி போகல. (தார் ரோடு கொதிக்குது, ஜனம் துள்ளித் துள்ளிப் போகுது, அப்பவும் போகல.) செல்வி மேடம் வந்தாங்க. பேனரப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க.

"சார், ஷூ வருதுனு குழந்தைங்ககிட்ட சொல்லிட்டேன். கவியான்னு ஒரு பொண்ணு தினமும் கேக்கறா."

நான் பெட்டிய அடுக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். கூட இருந்த என் பொண்டாட்டி மலர்தான் வாயைத் திறந்தா.

"ஏங்க, கோயில் வாசல்ல விட்டுட்டுப் போன செருப்பு எத்தனை பேருக்குத் திரும்பக் கெடைக்குது? அவங்கல்லாம் வெறுங்காலோட எங்க போவாங்க?"

பஸ் ஸ்டாண்டுக்கு!

ரெண்டு ஆட்டோல சரக்க ஏத்தினோம். பேனர் உள்ள நுழையல, அங்கயே விட்டுட்டோம். (அதனாலதான் வியாபாரமே நடந்துச்சுனு மலர் சொல்றா.) மலைய சுத்தி முடிச்சு, செருப்பத் தொலைச்சு, கால் கொப்புளிச்சு வந்த ஜனம், கலர்கூட பாக்காம வாங்குச்சு. விளக்கு போடறதுக்குள்ள நூத்திநாலு ஜோடி! செல்வி மேடம் நின்ன எடத்துலயே அழுதுட்டாங்க. நானும்தான். கண்ணுல தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

நான் செஞ்ச உருப்படியான காரியம் இதுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஷூ குடுக்கற அன்னைக்கு இஸ்திரி போட்ட சட்டையோட முன்வரிசைல நின்னேன். கவியா புது ஷூவைப் போட்டுக்கிட்டு, செவுத்தப் பிடிக்காம, ஒவ்வொரு அடியா ஹால் முழுக்க நடந்து நேரா என்கிட்ட வந்தா. நன்றி சொல்லப் போறானு குனிஞ்சு காதைக் குடுத்தேன்.

"கறுப்பு நல்லாவே இல்ல அங்கிள். பிங்க் கேட்டிருக்கலாம்ல?"