உயிரோடிருக்கும் சின்னதுரை எழுதிக்கொண்டது

கட்கி, புனே – 3
20.6.2021, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் கிறிஸ்டோபர் அவர்களின் சமுகத்துக்கு, புனேயிலிருந்து அத்தான் சின்னதுரை ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும், உங்கள் சின்னக்கா சாந்தகுமாரியும், மகள் ஜெனிபரும் இங்கே நலம். தாங்களும் பாளையங்கோட்டையில் அவ்வண்ணமே சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. நலம் என்று மேலே எழுதியது மரியாதைக்காக. நிஜம் இனிமேல்தான் வருகிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று கேட்பீர்கள். நாலு தடவை அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்து "ம், சரி அத்தான்" என்று வைத்துவிட்டீர்கள். நீங்கள் வேலை பார்க்கும் அச்சகம் பூட்டிக் கிடப்பதாகக் கேள்வி, இருந்தாலும் ஒண்டியாக இருக்கிற மனுஷனுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும், நான் தப்பாக நினைக்கவில்லை. தவிர, எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். ஒரு ரூம், ஒரு அடுப்படி, ஒரு நாற்காலி. இதில் சாந்தகுமாரியைப் பற்றி அவள் காதில் விழாமல் பேசுவதென்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித்தான் பேச வேண்டும்.

விஷயம் இதுதான். போன மாதம் பன்னிரண்டாம் தேதி உங்களோடு அந்த வீட்டில் இருந்த நம் எஸ்தர் மதினியை அடக்கம் பண்ணினோமே, அன்றிலிருந்து சாந்தகுமாரி பேசுவதில்லை. லாக்டவுனில் ஊருக்கு வர ஈ-பாஸ் கிடைக்காமல், கூடப்பிறந்த அக்காவின் அடக்கத்தை நீங்கள் காட்டிய வீடியோ காலில்தான் பார்த்தாள். அன்றைக்கு வாயை மூடியவள்தான். "சாப்பிட்டியா?" என்றால் "ம்". "தூங்கினியா?" என்றால் அந்த "ம்"மும் இல்லை. குழம்பு வைக்கிறாள், காய் போட மறந்துவிடுகிறாள். நானும் ஒன்றும் கேட்காமல் வெறும் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுகிறேன். முப்பத்தெட்டு வருஷமாக இந்தத் தெருவில் காய்கறி விற்கிற பாஜிவாலாவை மராத்தியில் மூச்சுத் திணற வைத்தவள், இப்போது வாடிய கொத்தமல்லியைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருகிறாள். அவனே பயந்துபோய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, அக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தான். ஆள் பாதியாகிவிட்டாள் மாப்பிள்ளை. எனக்குப் பயமாயிருக்கிறது.

ஜெனிபர் வேலை பார்க்கிற விமான் நகர் ஓட்டலைக் குவாரண்டைன் இடமாக மாற்றிவிட்டதால் அவள் அங்கேயே தங்கியிருக்கிறாள். அவள்தான் போனில், "அப்பா, மனசு சரியில்லாதவங்களுக்கு ஒரு ஆப் இருக்கு, வீட்டுலயே உக்காந்து கவுன்சிலர்கிட்ட பேசலாம், கமஜோர் லோக்குக்கு ஃப்ரீ" என்று ஒரு லிங்க் அனுப்பினாள். நலிந்த பிரிவினருக்கு இலவசம் என்பதைத்தான் அவள் தமிழில் அப்படிச் சொன்னாள். திறந்தால் ஒரு பாரம். கர்ப்பிணி, விதவை, வளரிளம் பருவத்தினர், வெளிமாநிலத் தொழிலாளி, மாற்றுத்திறனாளி, மூத்த குடிமக்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. நான் வெடிமருந்துத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் பாரம் திரும்பி வரும், திரும்பி வந்தால் மெமோ வரும். ஆகவே சாந்தகுமாரி பெயரைப் போட்டு எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். பச்சை நிறத்தில் "வெற்றி" என்று வந்தது. முப்பத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு பாரம்கூட எனக்கு இவ்வளவு சீக்கிரம் பாஸானதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆப்பிலிருந்து முதல் தகவல்: "சாந்தகுமாரி, பரீட்சை பயம் வேண்டாம், பெற்றோரிடம் மனம் விட்டுப் பேசு." அறுபத்தொரு வயசு. சரி, போகட்டும் என்று விட்டேன். பத்து மணிக்குத் தலை முதல் கால்வரை வெள்ளை உறை போட்டுக்கொண்டு சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் மாடி ஏறி வந்து, "கரோதர் கோண் ஆஹே?" என்று கேட்டார். மாசமாக இருப்பது யார் என்று மராத்தியில் கேட்கிறார், மாப்ள! வராந்தா முழுக்கக் கதவு திறந்தது. நான் பாரத்தின் விதிமுறையை விளக்குவதற்குள் அந்த அம்மாள் ஒரு பட்டை இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் வைத்து, கனமான குடம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் எதிர்வீட்டு சுனில் ஒரு டப்பா பேடாவோடு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இந்த வயசுலயும் அங்கிள்!" என்றான். பேடா நன்றாயிருந்தது. அப்போதும் சாந்தகுமாரி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு நாளாயிருந்தால் என்னை அந்தப் படியிலேயே உருட்டி விட்டிருப்பாள்.

தமிழிலும் சேவை உண்டு என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். "தங்கள் அகத்துயரின் அளவை ஒன்று முதல் பத்துக்குள் தெரிவு செய்க" என்று ஒரு மெஷின் குரல். சாந்தகுமாரி காஸ் சிலிண்டர் புக்கிங் என்று நினைத்து ஒன்றை அமுக்கிவிட்டாள். "தாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள், நன்றி" என்று வைத்துவிட்டது. பிறகு இந்தியை அமுக்கினேன். அதில்தான் வைஷாலி என்கிற கவுன்சிலர் பெண் வந்தாள். நல்ல பிள்ளை. ஆனால் நம்மவளுக்குத் தெரிந்த இந்தியும் மராத்தியும் கடைத்தெருவோடு சரி. அதில் சண்டை போட வரும், அழ வராது. அதனால் வைஷாலி எது கேட்டாலும் நானே பதில் சொன்னேன். வீட்டில் எப்போதும் அப்படித்தானே, பாங்கிலும் டாக்டரிடமும் நான்தானே பேசுவது!

வைஷாலி, "சாந்தகுமாரிஜி, உங்கள் கணவர் இறந்து எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டாள். விதவைக் கட்டத்தின் வேலை. நான் கம்பீரமாக, "இறக்கவில்லை அம்மா, நான்தான் கணவர், பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அவள் ரொம்ப மெதுவாக, "பரவாயில்லை, ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். மறுநாளே எங்கள் கேஸ் 'அவசரம்' பிரிவுக்குப் போய்விட்டது. விதவை, இறந்துபோன கணவரின் குரலிலேயே பேசுகிறார் என்று எழுதியிருக்கிறார்கள். வீடியோ போட்டு என் முகத்தைக் காட்டினேன். "ஐயா, பக்கத்து வீட்டுக்காரரா? நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் நீங்கள் இப்படி நடித்தால் அவர் குணமாக மாட்டார்" என்றாள். பொறுக்கமுடியாமல் பென்ஷனுக்காகக் கொடுக்கிற லைஃப் சர்டிபிகேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: "இதில் அவர் போன நவம்பரில் உயிரோடிருந்ததாக இருக்கிறது. இப்போது ஜூன்." ஸ்டோர்ஸ்காரன் என்ற முறையில் தேதி முடிந்த சரக்கை நானும் ஏற்க மாட்டேன். இரண்டு நாள் எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, கண்ணாடியில் அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

போன வியாழக்கிழமைதான் முக்கியமான நாள். வைஷாலி, "ஒரு காலி நாற்காலியைப் போடுங்கள். அதில் உங்கள் கணவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, அவரிடம் சொல்லாமல் விட்டதை எல்லாம் சொல்லுங்கள், எந்த பாஷையானாலும் சரி" என்றாள். வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி, அதில் நான் இருக்கிறேன், எனக்கு முழங்கால் வலி. போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்தேன், அதில் சாந்தகுமாரி மட்டும்தான் தெரிவாள். நான் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னையே பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், அப்படி ஒரு பார்வை நான் பார்த்ததில்லை. அப்புறம் பேசினாள் மாப்ள! ஐந்து வாரத்துக்கு அப்புறம் வாய் திறந்து பேசினாள்!

"அன்னைக்கு தம்பி போன்ல 'தெரியுதா, தெரியுதா'ன்னு கேட்டான். நீங்க என் கையிலருந்து போன வாங்கி, 'நல்லா தெரியுது மாப்ள'ன்னு சொன்னிய. எனக்கு என்ன தெரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை கேட்டியளா? நாப்பது நிமிஷமும் அவன் நாடியும் மூக்கு ஓட்டையுந்தான் தெரிஞ்சுது. அக்கா பெட்டி கூடத் தெரியல. எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொல்லுதிய. எனக்கும் சேத்து நீங்களே பாத்துட்டிய, நீங்களே அழுதிட்டிய."

மாப்ள, அவள் சொன்னது சத்தியம். நீர் போனை முகத்துப் பக்கக் கேமராவில் வைத்து, உம் மோவாயைக் காட்டிக்கொண்டு நின்றீர். நீர் மனசு வருத்தப்படக் கூடாதே என்று நான்தான் "நல்லா தெரியுது" என்று சொன்னேன். சொன்ன வாயை என்ன செய்ய? நாற்காலியில் இருந்தபடியே அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் வைஷாலியும் ஒரு வார்த்தை புரியாமல் அழுகிறாள். "புரிஞ்சிட்டுடி. அக்கா முகத்த ஒரு தடவ பாக்கணும், அதான உனக்கு?" என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நான் வைஷாலிக்கு இந்தியில் விவரம் சொல்ல ஆரம்பித்தேன், நெட்டும் போய்விட்டது. வைஷாலியிடமிருந்து அப்புறம் மெசேஜ் வந்தது: "வாழ்த்துகள், அவர் கணவருக்கு விடை கொடுத்துவிட்டார்." கேஸ் முடிந்ததாம். சாந்தகுமாரி திரும்பவும் "ம்"முக்குப் போய்விட்டாள்.

அதனால்தான் இந்தக் கடுதாசி. உம்மைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வருகிற ஞாயிறு அல்லது அதற்கடுத்த ஞாயிறு, லாக்டவுன் எப்படி இருக்கிறதோ பார்த்துக்கொண்டு, கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வீடியோ கால் போடும். போடும்போது திரையில் இரண்டு அம்பு வட்டமாகச் சுற்றுகிற மாதிரி ஒரு படம் இருக்கும், அதை ஒரே ஒரு தடவை அமுக்கும். அமுக்கினால் கேமரா திரும்பும். மதினி கல்லறையைக் காட்டும். பெட்டி மூடுவதற்கு முன்னால் யாராவது முகத்தைப் போட்டோ எடுத்திருந்தால் அதையும் வாங்கி அனுப்பும். பார்த்துவிட்டால் அவள் மனசு ஆறிவிடும், அதுதான் அவளுக்கு வேண்டியது, எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் அன்றைக்கு வாயே திறக்க மாட்டேன், வராந்தாவில் போய் நிற்பேன்.

வேறு விசேஷம் இல்லை. தடுப்பூசி இரண்டாவது டோஸ் போட்டுக்கொள்ளும். மழையில் நனையாதேயும். சபையாருக்கும் போதகர் ஐயரவர்களுக்கும் எங்கள் ஸ்தோத்திரம். ஜெனிபரின் அன்பு முத்தங்கள், அவளுக்குத் தமிழில் எழுத வராது. தாயைப்போலத் தேற்றுகிற ஆண்டவர் உம் வீட்டு வாசலையும் எங்கள் வாசலையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் பிரியமுள்ள அத்தான்,
தே. சின்னதுரை
ஸ்டோர் கீப்பர் (ஓய்வு, உயிருடன்)

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் சாந்தகுமாரி பிடுங்கிப் படித்துவிட்டாள். மேலே எழுதியது பூராவும் தப்பாம். வியாழக்கிழமை நான் குறுக்கே பேசியதால் பாதிதான் காதில் வாங்கினேனாம். மீதியை இப்போது அவள் சொல்லச் சொல்ல, வாய் திறக்காமல் எழுதுகிறேன்.

"தம்பி, நீ கல்லறைக்கெல்லாம் போகண்டாம். அக்கா முகம் எனக்கு மறக்கல, அத போன்ல பாத்துத்தான் தெரியணுமா? அன்னைக்கு நாப்பது நிமிஷம் உன் நாடியத்தான் பாத்தேன். அது நடுங்கிட்டே இருந்துச்சு. சுத்தி இருவது பேரு நின்னாவ, எல்லாரும் பெட்டியப் பாத்தாவளே தவிர ஒருத்தரும் உன்னப் பாக்கல. நான் பாத்தேன். 'தம்பி, நீ எப்படிடா இருக்க'ன்னு கேக்க வந்தேன், அதுக்குள்ள இவிய போன வாங்கிப் பேசி வச்சிட்டாவ. அக்காவும் இல்லாம அந்த வீட்ல ஒத்தையில என்னத்தச் சாப்பிடுத? போன எடுத்தாலும் 'ம்'முன்னு வைக்கியாமே. அந்த நெனப்புலதான் எனக்குப் பேச்சே வரல."

ஆகையால் அந்த ஆப்பில் உம் பெயரை அவளே பதிந்துவிட்டாள். என்னைத் திட்டியவள்தான், ஆனால் ஒரு கட்டத்தையும் விடவில்லை. "இப்படிப் போட்டாத்தான் ஓடி வருவாவ" என்கிறாள். வைஷாலி கூப்பிடுவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, உமக்கு இந்தி தெரியாது, அதனால் ஒன்றும் குறைவில்லை, நாங்கள் பார்த்துவிட்டோம். பிரசவம் எப்போது என்று கேட்டால் கோபப்படாமல் ஒரு தேதி சொல்லும். எப்படி இருக்கிறீர் என்று கேட்டால் மட்டும் நிஜத்தைச் சொல்லும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு உம் சின்னக்கா கூப்பிடுவாள், எடும். கேமராவைத் திருப்ப வேண்டாம், நாடி தெரிந்தால் போதுமாம்.