நீல டெய்சிப் பெரும்போர்

வாழ்க, ஊசியும் நூலும் தாங்கிய நெடுங்கரத்தோன்! வாழ்க, அளவுநாடாவை ஆரமாய்ப் பூண்ட அகன்மார்பன்! பிசிறு கண்டால் பொறுக்காத பெருங்கத்தரியோன், சொன்ன தேதிக்குச் சட்டை கொடுத்தறியாத சொல்வேந்தன், இருபத்திரண்டு ஆண்டுகளாய் எண்ணெய் வார்த்து வளர்த்த முறுக்கு மீசைக்கு உரியோன், முக்குக்கடை டைலர் நீடு வாழ்க! சொல்லின் தெய்வமே, தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டு என் நாவிலும் விடு. அந்த மீசைக்கு வந்த பேராபத்தை நான் திக்காமல் பாட வேண்டும்.

போர் மூண்டது டைலர் வாங்கிவந்த ஒரு விதைப் பாக்கெட்டால். நீல டெய்சி என்று அதில் எழுதியிருக்கக் கண்டு நகைத்தான் மனைவியின் தம்பி, பெயின்ட் கடைச் சிப்பந்தி, வண்ணக் கடலைக் கரண்டியால் கலக்கும் வம்புக்காரன்.

“டெய்சியில நீலமா? மச்சான், நாப்பத்திரண்டு நீலத்தை டப்பாவுல விக்கறவன் நான். என்கிட்டயேவா?”

“பூக்க வச்சுக் காட்டறேன்டா. காட்டலேன்னா இந்த மீசை இருக்காது!”

“மூணு மாசம் டைம். கடைசி ஞாயித்துக்கிழமை, கடை முடிஞ்சு சாயங்காலம் ஆறு மணிக்கு வருவேன். சவரக் கத்தியோட.”

“நான் சாட்சி,” என்றாள், அவனுக்கு அக்காளும் இவனுக்கு இல்லாளுமாகிய வெங்காயம் நறுக்கும் கோமகள்.

வஞ்சினம் உரைத்த வீரன், பாக்கெட்டின் பின்புறத்தில் முதல் வரியைப் படித்தான்: ‘வாடிய பூக்களை உடனுக்குடன் கத்தரிக்கவும், புதிய பூக்கள் வரும்.’ அதற்கு மேல் படிக்க அவன் என்ன பரீட்சையா எழுதப் போகிறான்? வெற்று அட்டையைக் கண்டால் மிச்ச நூலைச் சுற்றி வைப்பது தையற்குலத்தின் தொல்மரபு. விதையைக் கொட்டிவிட்டு, பாக்கெட்டை நான்காய் மடித்து, யூனிபார்ம் தைத்து மிஞ்சிய நீல நூலை அதன்மேல் சுற்றி, பெட்டியில் போட்டு மறந்தான்.

மொட்டைமாடியில் மணலும் எருவும் கலந்த தொட்டியே போர்க்களமாயிற்று. முழங்கால் வலியால் இல்லாள் படியேறாள். எனவே படைத்தலைவன், காலாள், நீர் சுமப்போன் எல்லாம் அவன் ஒருவனே. விதை முளைத்தது, இலை விரிந்தது, மொட்டும் திரண்டது. ஆனால் பள்ளிகள் திறக்கும் பருவம்! வெயில் ஏறுமுன் கடைக்குப் போய், வெயில் இறங்கிய பின் வீடு திரும்பிய வீரன், மாலைதோறும் கண்ட காட்சியை எப்படிச் சொல்வேன்! பெரும்படை சாய்ந்த களம்போல, பூத்த பூவெல்லாம் இதழைப் பின்னால் சுருட்டிப் பிசிறாய்த் தொங்கின.

“நத்தையே! இது உன் வேலை!” என்று முழங்கினான், தொட்டிப் பக்கம் போகவே போகாத ஒரு நத்தையை நோக்கி. அதை டார்ச் விளக்கொளியில் சிறைப்பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் நாடு கடத்தினான். பின்பு பெருங்கத்தரியை உருவி, சுருண்ட தலைகளை எல்லாம் ‘கிரிச் கிரிச்’ என்று கொய்தான். இவ்வாறு ஒரு நாளன்று, இரு நாளன்று, இருபது மாலைகள்! நத்தை எட்டு முறை நாடு கடத்தப்பட்டு, எட்டு முறையும் திரும்பி வந்தது.

விடிந்தது கடைசி ஞாயிறு. மிஞ்சியது ஒற்றை மொட்டு. அரை நாளில் கடை சாத்தி ஓடிவந்து மாடியேறியவன் உச்சிவெயிலில் கண்டான்: வானத்தில் ஒரு விரற்கடை வெட்டி, மஞ்சள் பொத்தான் வைத்துத் தைத்தாற்போல், நீலம்! நீலமேதான்!

“கேளுங்கள், எட்டுத் திசைகளே! என் மீசை பிழைத்தது!”

திசைகள் கேட்டன. வீரன் கீழிறங்கி உண்டான், மீசைக்கு எண்ணெய் வைத்தான், உறங்கினான்.

ஆறு மணிக்கு மைத்துனன் வந்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. “கழட்டிக் குடுடா, தச்சுத் தர்றேன்,” என்று அக்காள் வாங்கிக்கொண்டு நூல் தேட, பனியனோடு அவனும் மீசையோடு இவனும் மாடியேறினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னே சூரியன் சாய்ந்திருந்தது. பூ சுருண்டிருந்தது.

“எங்க மச்சான் நீலம்?”

“மத்தியானம் இருந்துச்சுடா! கண்ணால பாத்தேன்!”

“நானும் பாத்தேன். கனவுல.”

“இரு, அவசரப்படாதே. வாடினதை வெட்டினா புதுசு வரும்னு போட்டிருக்கு.” பெருங்கத்தரி பிடித்துப் பழகிய கை தானே எழுந்தது. ‘கிரிச்!’ உருண்டது கடைசித் தலை.

அக்கணம் படிக்கட்டின் அடியிலிருந்து அசரீரி எழுந்தது, இல்லாளின் குரல்தான்.

“ஏங்க! நீல நூலைப் பிரிச்சா பாக்கெட்டுல இன்னொரு வரி இருக்குங்க! ‘மாலையில் பூக்கள் சுருண்டு மூடிக்கொள்ளும், வெயில் வந்ததும் விரியும். வாடியதாக எண்ணிக் கத்தரிக்க வேண்டாம்.’ நீங்க வெட்டலையே?”

வீரன் கத்தரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பேறி எட்டிப் பார்த்த நத்தையும் கொம்பை உள்ளிழுத்துக்கொண்டது. மைத்துனன் மட்டும் கால்சட்டைப் பையில் கைவிட்டு, வாக்குத் தவறாத வாளாகிய சவரக் கத்தியை வெளியே எடுத்தான்.

மறுநாள் காலை கடைக்கு வந்த முதல் வாடிக்கையாளர், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, “டைலர் எப்பங்க வருவார்?” என்று கேட்டார்.