சரிவின் மேல் நட்ட சிவப்புத் தடிகள்

சரிந்த மண்ணைப் பார்க்கப் போகிறவனுக்குப் படிப்பைவிட முக்கியம், சும்மா நிற்கத் தெரிவது. எனக்கு அது வராது. (பெண் பார்க்கப் போன இடத்திலேயே முற்றத்தில் உலாத்திக்கொண்டிருந்தவன் நான்.)

உடையார்கட்டுப் பக்கம் கிரவல் என்கிற செம்மண் சரளை தோண்டும் கிடங்கு ஒன்று. செங்குத்தாக வெட்டிய பக்கம் இடிந்து விழுந்துவிட்டது. சரிவைத் திருத்தும்வரை மண் எடுக்கத் தடை; திருத்தப் போன இஞ்சினியர் நான். கிடங்குக்காரர் நசீர் நானா வானத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"மழைக்கு முதல் முடியாட்டி, தை மாதம் வரைக்கும் ஒருத்தருக்கும் வேலை இல்லை, தம்பி."

கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. என் கால்களுக்குள் எறும்பு ஊர்ந்தது. மேலே ஏறினேன். விளிம்புக்குச் சற்று உள்ளே, பாம்பு போன தடம்போல நீளமாக மண் பிளந்திருந்தது. இன்னொரு துண்டு விழக் காத்திருந்தது. பிளவு அகலுகிறதா என்று பார்க்க அதன் இரு கரையிலும் தடிகள் நட்டேன். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று தலைகளுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்தேன். மாலை வெயிலில் அழகாகத்தான் இருந்தது. ஒரு கவிதைகூட வந்தது.

வன்னியில் சிவப்புத் தலையோடு தடி நின்றால் ஒரேயொரு பொருள்தான்: கண்ணிவெடி. நடக்கப் பழகிய பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். (அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.)

மறுநாள் காலை கிடங்கில் ஒரு குருவிகூட இல்லை. ஒருவரும் போகாதபடி பாதைக்குக் குறுக்கே மரக்கொப்பு இழுத்துப் போட்டிருந்தது. ஆட்களெல்லாம் சந்தியில். சரிவை வெட்டிச் சாய்க்க வேண்டிய பெக்கோ இயந்திரமும் அங்கேதான். அதன் ஓட்டுநர் செல்வராசா இருக்கையை விட்டு அசையவில்லை.

"நான் கிடங்குக்குள்ள எறங்க மாட்டேன் சேர்."

"அந்தத் தடியள் நான் நட்டது."

"கண்டுபுடிச்சதாலதானே நட்டீங்க."

"மண் பிளந்திருக்கு. அதைப் பாக்க நட்டனான்."

"அப்ப நீங்க முன்னுக்கு நடங்க. நாங்க பாக்குறோம்."

நடந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தடிகளைப் பிடுங்கி எறிந்தேன். "பாருங்கோ, ஒண்டுமில்லை" என்று விளிம்பில் நின்று குதித்தேன். தூரத்தில் சனம் காதைப் பொத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். இன்னும் உயரமாகக் குதித்தேன்.

தரை புறப்பட்டது. போகிற வழியில் என்னையும் கூட்டிக்கொண்டது. புழுதிக்குள் மிதந்து, உருண்டு, கடைசியில் இடுப்புவரை கிரவலுக்குள் புதைந்து நேராக நின்றேன், தலையெல்லாம் சிவப்பாக. கீழே வேறு ஒருவரும் நிற்காதது அந்தத் தடிகளின் புண்ணியம்.

நசீர் நானா மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உசிரோட இருக்கிறியளா?"

"ஓம்."

"அப்ப விழவேண்டியது விழுந்திட்டுது. செல்வராசா, பெக்கோவை எடு. முதல்ல இஞ்சினியரைக் கிண்டி வெளியில எடு."

சரிவைப் படிகளாக வெட்டி, மேலே தண்ணீர் வழிந்தோட வாய்க்காலும் எடுத்து முடிக்க, மழை வந்தது. சரிவு அசையவில்லை.

வீட்டில், மோட்டார் சைக்கிள் சறுக்கியதாகச் சொல்லி வைத்தேன். பிறகு உருத்திரபுரத்தில் வீடு கட்டும்போது கிரவல் கொண்டுவந்து கொட்டிய லொறிக்காரரிடம் மனைவி கேட்டா: "நல்ல மண்ணோ?"

"முதல்தரம் அக்கா. இஞ்சினியர் விழுந்த கிடங்கில ஏத்தினது."

அவா அவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டு முடித்தா.

இப்போதும் நான் ஓடு மாற்றக் கூரையில் ஏறினால், குசினிக்குள்ளிருந்து மகள் குரல் கொடுப்பாள்.

"அப்பா, குதிச்சுக் காட்டாதேங்கோ. நாங்கள் கீழ இருக்கிறம்."