வடைச் சட்டிக்கு எரிமலை முசியே போட்ட கோடு

எரிமலையே இல்லாத ஊரில் எரிமலை ஆபத்துக்கு வரைபடம் போட்ட ஒரே ஆள், எங்கள் மூலக்குளம் எரிமலை முசியேதான். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்; அதனால் ஊருக்கே அவர் 'முசியே', பிரெஞ்சில் 'ஐயா'. ரெயூனியன் தீவில் எரிமலை வெடித்தால் நெருப்புக் குழம்பு எந்தப் பக்கம் வழியும், சாம்பல் எங்கே விழும், எந்தச் சாலையை மூட வேண்டும் என்று வரைபடம் போட்டுவிட்டு, பென்ஷனோடு திரும்பியவர். இங்கே வந்தும் கை சும்மா இருக்கவில்லை.

செல்வி அக்கா டீக்கடையின் வடைச் சட்டியைப் பார்த்தார். மறுநாளே சாக்பீஸோடு வந்து, அதைச் சுற்றி ரோட்டில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று கோடு போட்டுவிட்டார்.

"செவப்புக்குள்ள செல்வி மட்டும். ஆரஞ்சுல வட வாங்கிட்டு நகந்துடணும். மஞ்சள்ல நின்னு டீ குடிக்கலாம்."

சிரித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் சமர்த்தாகக் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள்! முசியே விரலை எச்சில் தொட்டுத் தூக்கிக் காற்று பார்ப்பார். "பொகை மேக்கால போவுது, ஸ்கூட்டர எடுங்க" என்பார். எடுத்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சட்டிப் பக்கம் நின்று கதை சொல்வது பல வருஷமாக என் உரிமை. பத்திரிகையில் எழுதுகிறவன் நான். என் கதைக்காகவே இரண்டாவது டீ குடித்தவர்கள் உண்டு. இப்போது அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"முசியே, கொழம்பு வந்தா ஓடித் தப்பிக்கலாமா?"

"பல நேரம் நடந்தே தப்பிக்கலாம்."

என்னை மட்டும் மஞ்சளுக்கும் வெளியே தள்ளியிருந்தார். "நீங்க பேசுறப்ப கைய வீசுறீங்க சார்."

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. "சார், கோட்டத் தாண்டாதீங்க, முசியே கோவிச்சுக்குவாரு" என்று அக்கா கத்தக் கத்த, சிவப்புக்குள் போய் நின்று, முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை காணாமல் போன கதையை ஆரம்பித்தேன். கூட்டம் என் பக்கம் திரும்பியது. சிரித்தது. அந்தக் குஷியில் வீசிய கை அக்காவின் ஜல்லிக்கரண்டியைத் தட்ட, அது சட்டிக்குள் விழுந்தது. என்னைப் பிடித்து இழுத்தவர் முசியே. தெறித்த எண்ணெய் அவர் வலது கையில் பட்டது.

மறுநாள் கட்டோடு வந்தார். அக்கா அவருக்கு மட்டும் வடையைத் தட்டில் வைத்து, துண்டு துண்டாகப் பிய்த்தும் கொடுத்தாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவர் என் தோளைப் பிடித்து, சட்டியிலிருந்து தள்ளி, புங்க மரத்தடியில் நிறுத்தினார். இடது கையால் கோணல் மாணலாக என்னைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டார்.

"வெடிக்கிற மலைய யாரும் நிறுத்த முடியாது சார். ஜனங்க எங்க நிக்கணும்னுதான் சொல்லலாம்."

ஜனங்கள் வட்டத்தைச் சுற்றி வந்து நின்றார்கள். அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு முதல் ஆளாக உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. மாப்பிள்ள எங்க போனான்?"

இப்போதெல்லாம் முசியே வராத காலையில் எனக்குக் கதையே வருவதில்லை.