கடைசிக் குழியில் ஓர் ஒற்றைத் தும்மல்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் யாருக்கும் கெட்டது நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எண்பதுகளில் ஒரே ஒரு மனிதர் சுமந்துகொண்டிருந்தார். நகரத்துக்கு இது தெரியாது. நாங்கள் அவரைச் சகுனத்தார் என்போம்.

நகர மையத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து யாழ்ப்பாணத்து ஆட்கள் நாலு பேர் இருந்தோம். அடுத்த வீட்டில் ஒரு கறுப்புப் பூனை. அது காலையில் எங்களுக்குக் குறுக்கே போய்விடக் கூடாது என்று சகுனத்தார் தினமும் பின்வளவில் அதற்கு மீன் டின் உடைத்து வைப்பார். பூனைக்கு மீன், எங்களுக்குப் பருப்பு. கேட்டால், "நீங்கள் சுகமா வேலைக்குப் போய்ச் சேர்றியள்தானே?" என்பார். நாசமாய்ப் போன பூனை நாய் அளவுக்கு வளர்ந்தது.

நகரத்தின் பென்ரோஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குத் தற்காலிக வேலை. புறப்படுகிறவரை "எங்கே போகிறாய்?" என்று கேட்டால் காரியம் உருப்படாதே, அதை ஒரு வெள்ளைக்காரர் தெரியாமல் கேட்டுவிட்டார். சகுனத்தார் பாரம் ஏற்றிப்போன ஃபோர்க்லிஃப்ட் வண்டியை நடுவழியில் நிறுத்தி, இறங்கி, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பினார். பின்னால் லொறிகள் வரிசையாக நின்று ஹோர்ன் அடித்தன.

முதலாளி ஒரு கோல்ஃப் பைத்தியம். அவருடைய கிளப்பின் கடலோர மைதானத்தில், ஐம்பது வயது தாண்டிய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஒரு பெரிய போட்டி வந்தது. மணல்மேடும் காற்றும்தான், மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. உதவிக்குத் தொழிற்சாலை ஆட்களைக் கூட்டிப்போனார். சகுனத்தார் கையில் 'அமைதி' என்று எழுதிய பலகையைக் கொடுத்துக் கடைசிக் குழியருகே நிறுத்தி, "இதை ஒழுங்காகச் செய், வேலையை நிரந்தரமாக்குகிறேன்" என்றார். வேலை நிரந்தரமானால்தான் ஊரில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட முடியும். நாங்கள் வேண்டாத தெய்வம் இல்லை.

கடைசி நாள் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். நரைத்த தலைக்காரர் ஒருவர் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழுத்தினால் கோப்பை அவருக்கு. குனிந்தார். கூட்டத்தில் தொப்பி போட்ட ஒரு அம்மா தும்மினார். ஒற்றைத் தும்மல்.

ஐயோ! சகுனத்தார் அந்த அம்மாவைக் கெஞ்சலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தும்மல் வந்தால் தோஷம் போய்விடும். "இன்னொண்டு அம்மா, இன்னொண்டே ஒண்டு..." என்று தமிழில் முணுமுணுத்தார். அம்மா மூக்கைத் துடைத்துக் கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டார். அவ்வளவுதான். அமைதிப் பலகையை உயர்த்திப் பிடித்தபடி சகுனத்தார் புல்தரைக்குள் நடந்தார்.

இப்போது அடிக்க வேண்டாம், கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அடியுங்கள் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லித் தன் போத்தலையும் நீட்டினார். நரைத்த தலைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு புல்லிலேயே உட்கார்ந்தார், குடித்தார், எழுந்து தட்டினார். பந்து குழியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு பக்கம் போனது. கோப்பை இன்னொருவருக்குப் போனது.

முதலாளி, "திங்கட்கிழமை வந்து பார்" என்று மட்டும் சொன்னார்.

காரில் நான் கத்தினேன். "அண்ணை, உங்களுக்கு விசரே? மனிசியும் பிள்ளையும் வாற வழியை நீங்களே அடைச்சுப்போட்டியளே!"

"தெரியும்," என்றார். "ஆனா கண்டுகொண்டு எப்பிடிப் பேசாமல் நிக்கிறது? அந்தாளும் ஆரோ பெத்த பிள்ளைதானே."

பிள்ளைக்கு அறுபது வயது இருக்கும்.

திங்கட்கிழமைக்குள் அந்தப் பிள்ளை முதலாளியிடம் பேசியிருந்தார். இத்தனை வருட ஆட்டத்தில் தன்னைக் கொஞ்சம் உட்காரச் சொன்ன முதல் மனிதன் இவன்தான், இவனை வேலையை விட்டு நிறுத்தினால் அடுத்த வருடம் தான் வரப்போவதில்லை என்றாராம். வேலை நிரந்தரமானது. மைதானப் பக்கமே வரக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்த அன்று, சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இவர் இஞ்சை தனிய இருந்து கவலைப்பட்டவரோ?"

"ஓம் அக்கா, நல்லாய்க் கவலைப்பட்டவர்," என்றேன். "எங்கள் எல்லாரையும் நினைச்சு."